கண்ணாடித் தகட்டில் எழுந்தருளிய திருமேனி

நம்முடைய சிற்ப நூல்கள் தெய்வத் திருவுருவங்களை மூவகையாகப் பிரித்து, முன்னும் பின்னும் பக்கங்களும் முற்றும் வடிக்கப்பெற்றதைச் சித்திரம் என்றும், சுவரையோ பலகையையோ ஒட்டிப் பாதி உருவாக மேலெழுந்து நிற்பதைச் சித்திரார்த்தம் என்றும், சுவரிலும் துணியிலும் வண்ணங்கொண்டு எழுதப்பெற்றதைச் சித்திராபாஸம் என்றும் பெயரிட்டு வழங்குகின்றன. ஸ்ரீமத் பாகவதத்தின் பதினோராவது ஸ்கந்தத்தில், கண்ணபிரான் உத்தவருக்கு ஆராதனை முறைகளை உபதேசம் செய்யும் இடத்தில், கல்லிலும் மரத்திலும் உலோகத்திலும் மண்ணிலும் மணலிலும் மணியிலும் அமைந்தவை, எழுதப்பெற்றவை, மனத்திலேயே பாவிக்கப்படுபவை என்று எட்டு விதமான பிரதிமைகள் எண்ணப்படுகின்றன. மனத்தையும் ஒரு பிரதிமையாகச் சேர்த்துக்கொண்ட அந்தக் கணக்கின் பெருந்தன்மையை வியக்கும்போதே, இன்று நம் வீட்டுப் பூஜை மாடங்களில் கல்லையும் உலோகத்தையும்விட அதிக இடத்தைப் பிடித்திருக்கும் ஒன்று அதில் இல்லை என்பதும் நினைவுக்கு வருகிறது. 1839-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் உலகறிய வெளியிடப்பட்ட புகைப்படக் கலையை நம் முன்னோர் எண்ணிப் பார்த்திருக்க நியாயமில்லை. ஆயினும், சாஸ்திரம் அறியாத இந்தப் புதிய விருந்தாளி, சாஸ்திரம் அறிந்தவர்களுடைய பூஜையறைக்குள்ளேயே சந்தனமும் குங்குமமும் ஏற்று அமர்ந்துவிட்டாரே, எந்த வாசல் வழியாக வந்தார் என்று கேட்பது வீண் விசாரம் ஆகாது.

கேள்வி தோற்றுகிற அளவுக்கு எளிதானதன்று. ஸ்தபதி ஒரு மூர்த்தத்தை வடிக்கத் தொடங்குமுன் அதற்குரிய தியான சுலோகத்தை உள்ளத்தில் நிறுத்துகிறார். தாலப் பிரமாணத்துக்கு இசைய நெற்றி இவ்வளவு, நாசி இவ்வளவு என்று நூல் பிடித்து அளக்கிறார். எல்லாம் முடிந்தபின் நல்ல முகூர்த்தத்தில் கண் திறக்கும் சடங்கைச் செய்து, அதன் பிறகே உளியைக் கீழே வைக்கிறார். புகைப்படக் கருவிக்கு ஸ்நானம் உண்டா, உபவாசம் உண்டா, தியானம்தான் உண்டா? எதிரே இருப்பவர் மகானா, மிட்டாதாரா என்று அதற்குத் தெரியாது. இருவர் மீதும் பட்டுத் தெறித்த வெளிச்சத்தை ஒரே விதமாக உள்ளே விட்டுவிட்டு அது தன் பாட்டில் இருக்கும். உருவாக்குபவனுடைய தவம் உருவத்துள் இறங்குகிறது என்பது நம் சிற்ப மரபின் அடிப்படையானால், தவமே இல்லாத ஒரு கருவியின் விளைவை நாம் எவ்வாறு தொழத்தக்கதாகக் கொண்டோம்? இதற்கு நான் அறிந்த வரையில் மிகத் தெளிவான விடை தக்ஷிணேசுவரத்து ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்ஸரின் படங்களுடைய சரித்திரத்தில் இருக்கிறது. தவம் எங்கும் போய்விடவில்லை. ஸ்தபதியின் கையை விட்டு நீங்கி, படத்தில் அமர்ந்தவரிடத்தில் ஒரு பாதியும், அந்தப் படத்துக்குப் பூ இடுபவரிடத்தில் மறுபாதியுமாகக் குடியேறியிருக்கிறது என்பதே அந்தச் சரித்திரம் எனக்குச் சொல்லும் செய்தி.

ஸ்ரீ ராமகிருஷ்ணர் உயிரோடிருந்த காலத்தில் எடுக்கப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கும் புகைப்படங்கள் மூன்றே. முதலாவது 1879-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் தேதி, கல்கத்தாவில் பிரம்ம ஸமாஜத் தலைவர் கேசவ சந்திர சேனருடைய கமல குடீரம் என்ற இல்லத்தில் எடுக்கப்பட்டது. பிரம்ம ஸமாஜத்து அன்பர்கள் தரையில் அமர்ந்திருக்க, அவர்கள் நடுவே பரமஹம்ஸர் ஒரு கையை மேலே உயர்த்தி, மற்றொரு கையின் விரல்களை மார்புக்கு நேரே முத்திரை போல வைத்து, உலக நினைவு அற்றவராய் நின்றுகொண்டிருக்கிறார். அவர் விழுந்துவிடாதபடி மருமகன் முறையான ஹிருதயர் பின்னாலிருந்து தாங்கிக்கொள்கிறார். அந்தக் காலத்துப் புகைப்பட முறையை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சியின் விசேஷம் நன்றாக விளங்கும். தகட்டின் மீது உரு படிவதற்குச் சில விநாடிகளேனும் வேண்டியிருந்ததால், அதுவரை அசையாமல் இருப்பது சாமானிய மனிதனுக்குப் பெரும் பாடாக இருந்தது. அதனால் ஸ்டூடியோக்காரர்கள் வாடிக்கைக்காரரின் கழுத்துக்குப் பின்புறம், படத்தில் தெரியாதபடி, ஓர் இரும்புத் தாங்கியை நிறுத்தித் தலையை அதில் பொருத்திவிடுவார்கள். பழைய படங்களில் நம் பாட்டனார்கள் எல்லாம் விறைத்த முகத்தோடு காட்சியளிப்பதற்கு அவர்களுடைய சுபாவம் மாத்திரம் காரணமன்று. ஸமாதியில் நின்றவருக்கோ இரும்புத் தாங்கி வேண்டியிருக்கவில்லை. ஒரு மருமகனின் கை போதுமானதாக இருந்தது. யோக நூல்கள் பல சூத்திரங்களில் சொல்லும் நிச்சலனம் என்ற நிலையை அன்று ஒரு கண்ணாடித் தகடு சாட்சியாக நின்று பதிவு செய்துகொண்டது.

இரண்டாவது படம் 1881-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி எடுக்கப்பட்டது. பக்தர் சுரேந்திரநாத மித்திரர் அவரை ராதாபஜாரில் இருந்த பெங்கால் போட்டோகிராபர்ஸ் ஸ்டூடியோவுக்கு அழைத்துச் சென்றார். சட்டை அணிந்து, ஸ்டூடியோவின் அலங்காரத் தூண் ஒன்றின் மேல் கையை வைத்தபடி அவர் நிற்கும் அந்தப் படத்தில் ஒரு நாகரிக வாடிக்கைக்காரருக்குரிய ஏற்பாடுகள் எல்லாம் இருக்கின்றன. முகம் மாத்திரம் அந்த ஏற்பாடுகளுக்குச் சம்பந்தப்படாமல் வேறு எங்கோ இருக்கிறது. படத்தைவிட அன்றைய தினம் அவர் அங்கே கண்டறிந்த விஷயமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெறுங்கண்ணாடியில் உருவம் நிற்பதில்லை. வெள்ளி உப்பின் மருந்து பூசிய கண்ணாடியில்தான் நிற்கிறது என்பதை அங்கே விசாரித்துத் தெரிந்துகொண்டார். எதைக் கண்டாலும் அதை ஈசுவர விஷயமாகத் திருப்பிவிடும் அவருடைய புத்தி, பக்தியாகிய மருந்து பூசப்படாத நெஞ்சில் எத்தனை உபதேசம் விழுந்தாலும் ஒன்றும் பதியாது என்ற உவமையாக அதை உடனே மாற்றிக்கொண்டது. பிற்காலத்தில் அன்பர்களிடம் பேசும்போது அதை எடுத்தாண்டதையும் அவருடைய சம்பாஷணைகளைக் குறித்து வைத்தவர் எழுதியிருக்கிறார். விஞ்ஞானக் கருவி ஒன்று வேதாந்த திருஷ்டாந்தமாக மாறுவதற்கு ஒரு குதிரை வண்டிப் பயணமே போதுமானதாக இருந்திருக்கிறது.

மூன்றாவது படம்தான் உலகமெங்கும் பூஜிக்கப்படுவது. 1883-க்கும் 1884-க்கும் இடைப்பட்ட காலத்தில், தக்ஷிணேசுவரத்தில் ராதாகாந்தர் கோயில் தாழ்வாரத்தில் அது எடுக்கப்பட்டது. பவநாதர் என்ற இளைஞர் போர்ன் அண்டு ஷெப்பர்டு நிறுவனத்தில் தொழில் பழகிக்கொண்டிருந்த அவினாச சந்திர தாம் என்பவரை அழைத்து வந்தார். பரமஹம்ஸர் முதலில் இசையவில்லை. பிற்காலத்தில் சுவாமி விவேகானந்தர் ஆன நரேந்திரர் பகவத் விஷயமாகப் பேச்சைத் தொடங்க, கேட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே ஸமாதியில் ஆழ்ந்தார். உடல் சற்றே சாய்ந்திருக்கக் கண்டு நேர்படுத்துவதற்காக மோவாயைத் தொட்டபோது, திருமேனி முழுவதும் ஒரு காகிதத்தைப் போலக் கனமின்றி மேலெழும்பிற்று என்று அன்பர்கள் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். படம் எடுத்தாயிற்று, ஆனால் கண்ணாடித் தகடு அவினாசரின் கை தவறிக் கீழே விழுந்து விளிம்பில் விரிசல் கண்டுவிட்டது. பதறிய அவர், விரிசல் ஓடிய மேற்பகுதியை அரைவட்டமாக வெட்டி நீக்கிவிட்டு, உருவம் இருந்த பகுதியைக் காப்பாற்றினார். இன்றைக்கும் அந்தப் படத்தின் பின்புலம் தலைக்கு மேலே வில் போல வளைந்து முடிவதற்குக் காரணம் இதுதான். நம் தென்னாட்டு உற்சவ மூர்த்திகளைச் சுற்றித் திருவாசி அமைக்கும் ஸ்தபதி, எத்தனை சுடர், எத்தனை வளைவு என்று கணக்கிட்டு அமைப்பார்; இங்கேயோ ஓர் இளைஞனுடைய கை நடுக்கம் திருவாசியை அமைத்துக் கொடுத்துவிட்டது. இதைத் தெய்வ சங்கற்பம் என்று சொல்லுவோரோடு நான் வாதிட மாட்டேன். தற்செயல் என்று சொல்லுவோரிடத்திலும், அந்த வளைவு இல்லாத நிலையில் அப்படத்தைக் கற்பனை செய்து பார்க்கும்படி மாத்திரம் கேட்டுக்கொள்வேன்.

படத்தை நிதானமாக நோக்கினால் அதில் விவரிக்கக்கூடியது மிகக் குறைவு என்று தெரியும். சப்பணமிட்டு அமர்ந்த உடல், ஒற்றை வேட்டி, மடியின் மேல் ஒன்றோடொன்று கோத்து வைத்த விரல்கள், குறுந்தாடி, இதழ்கள் சிறிது விலகிப் பற்கள் தெரியும் ஓர் இளநகை, பாதி மூடிய கண்கள். ஸ்தபதி உளிகொண்டு திறக்க வேண்டிய கண்களை இங்கே எவரும் திறக்கவில்லை. அவை திறந்தும் மூடியும் இல்லாத நிலையிலேயே பிரதிஷ்டை ஆகிவிட்டன. சில வாரங்கள் கழித்து அந்தப் படத்தைக் காட்டியபோது, அது உயர்ந்த யோக நிலையைக் குறிப்பது என்றும், காலக்கிரமத்தில் வீட்டுக்கு வீடு அதைப் பூஜிப்பார்கள் என்றும் அவரே சொன்னதாக வரலாறு. தன் படத்தைப் பார்த்து மகிழ்வது மனித இயல்பு. தன் படத்தைத் தனக்குச் சம்பந்தமில்லாத வேறொரு பொருளாகக் கண்டு அதன் யோக லக்ஷணத்தை நிர்ணயிப்பது வேறு வகை.

பரமஹம்ஸரின் தர்மபத்தினி அன்னை சாரதாமணி தேவியார் பிற்காலத்தில் சொன்ன ஒரு செய்தி இதைவிடவும் நுட்பமானது. அந்தப் படத்தின் ஆரம்பப் பிரதிகளில் ஒன்று, அச்சில் மிகவும் கறுத்துக் காளியின் உருவம் போலவே தோன்றியதாம். ஓர் அந்தணச் சமையற்காரர் வாங்கி வைத்திருந்து, ஊரைவிட்டுப் போகும்போது அதை விட்டுச் செல்ல, அது அன்னையாரிடம் வந்து சேர்ந்தது. தாம் வசித்த நகபத்து என்னும் சிறிய அறையில், மற்றத் தெய்வப் படங்களோடு வைத்து அதற்கும் அவர் பூஜை செய்துவந்தார். ஒரு நாள் அங்கே வந்த பரமஹம்ஸர் படத்தைக் கண்டு, இதெல்லாம் என்ன என்று வினவிவிட்டு, பூஜைக்காக வைத்திருந்த பூவையும் வில்வ இலையையும் தாமே எடுத்து அதன் மேல் இட்டார். கருவியின் குறையால் நிறம் கெட்டுப்போன ஒரு பிரதி, ரசிகர்கள் கழித்துவிடத்தக்கது, அதுதான் அவர் கையாலேயே அர்ச்சிக்கப்படும் பாக்கியம் பெற்றது.

தமிழ்நாட்டு வைஷ்ணவர்களுக்கு இது முற்றிலும் புதிய செய்தியாக இராது. ஸ்ரீபெரும்பூதூரில் எழுந்தருளியிருக்கும் உடையவராகிய இராமானுஜருடைய தானுகந்த திருமேனி, அவர் வாழ்ந்திருந்த காலத்திலேயே வடிக்கப்பட்டு, அவராலேயே ஆலிங்கனம் செய்யப்பட்டு அருள் ஊட்டப்பெற்றது என்பது சம்பிரதாயம். மேல்கோட்டையில் சீடர்கள் பிரிவாற்றாமையால் அமைத்துக்கொண்டதைத் தமருகந்த திருமேனி என்பர். ஆசாரியன் தன் வடிவத்தைத் தானே அங்கீகரிப்பது, அடியார் அதைக் கொண்டு பிரிவை ஆற்றிக்கொள்வது ஆகிய இரண்டு முறைகளும் நம்மிடம் முன்னரே நிலைபெற்றிருந்தன. வங்காளத்துக் கண்ணாடித் தகடு அந்த வழியிலேயே நடந்து வந்திருக்கிறது. ஒரு வேற்றுமை உண்டு. உலோகத் திருமேனி ஆசாரியனைப் போல இருப்பது. புகைப்படமோ அவர் மேனியில் பட்ட அதே ஒளி நேரே சென்று வெள்ளி உப்பைத் தொட்டதால் விளைந்தது. அயோத்தியை ஆண்ட பாதுகைக்கு இராமனுடைய சாயல் ஏதும் இல்லை. அவன் திருவடி பட்டது என்ற சம்பந்தம் ஒன்றே அதற்குச் சிம்மாசனம் தந்தது. சம்பந்தமும் சாயலும் ஒருங்கே அமைந்த வழிபாட்டுப் பொருள் புகைப்படம் வரும்வரை நமக்குக் கிடைத்ததில்லை என்று துணிந்து கூறலாம்.

1886-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் தேதி காசிப்பூர்த் தோட்டத்தில் பரமஹம்ஸர் மஹாஸமாதி அடைந்தபோது, மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் பத்து ரூபாய் கொடுத்து, சீடர்கள் சூழ அந்தத் திருவுடலைப் படம் எடுக்க ஏற்பாடு செய்தார். அதன் பிறகு இளந்துறவிகள் பராநகரில் ஒரு பாழடைந்த வீட்டில் கூடியபோது, குருநாதருடைய அஸ்திக் கலசத்துக்கும் படத்துக்கும் நித்திய பூஜை செய்யும் பொறுப்பைத் தாமாகவே ஏற்றுக்கொண்டவர் சசி மகராஜ் என்ற ராமகிருஷ்ணானந்தர். காலையில் குருநாதர் பல் துலக்குவதற்கென்று குச்சியின் நுனியை மென்மையாக நசுக்கித் தூரிகைபோல ஆக்கிப் படத்தின் முன் வைப்பது அவர் வழக்கம். ஒரு நாள் வேறொருவர் நசுக்காத குச்சியை வைத்துவிட, குருநாதரின் ஈறு புண்ணாகியிருக்குமே என்று அவர் கோபித்துக்கொண்டாராம். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கண்ணாடிக்குள் இருப்பது நிழல் என்று அவருக்கும் தெரியாமல் இல்லை. கல்கத்தாக் கல்லூரியில் படித்தவர், கணிதத்தில் பிரியம் உள்ளவர்.

அவரை 1897-ஆம் ஆண்டில் சுவாமி விவேகானந்தர் சென்னைக்கு அனுப்பினார். கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று வழங்கிய கெர்னன் மாளிகையில், பிலிகிரி ஐயங்காரின் ஆதரவில் மடம் நடந்தது. அந்த மாளிகை 1906-இல் ஏலம் போனபின் ராமகிருஷ்ணானந்தர் அதன் புறமனையில் சில காலம் தங்கி, 1907-இல் மயிலாப்பூர் பிராடீஸ் சாலையில் எழுந்த சிறிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தார். எங்கு இருந்தாலும் முதலில் இடம் பிடித்தது படம்தான். சித்திரை வைகாசிப் புழுக்கத்தில் இரவு வெகுநேரம் படத்தின் முன் நின்று விசிறுவார். கூரை ஒழுகிய ஒரு மழை இரவில், உறங்கும் குருநாதரை எழுப்பி இடம் மாற்றக் கூடாதே என்று குடை பிடித்தபடி நின்றார் என்று சொல்வார்கள். சென்னை வெயிலை அனுபவித்தவர்களுக்குத்தான், தன் மேல் ஒரு வீச்சும் படாமல் எதிரே விசிறிக்கொண்டிருப்பது எத்தகைய ஸாதனை என்பது தெரியும். ஸ்தபதிக்கு நூல்கள் விதித்த நியமங்கள் அத்தனையும் இங்கே பூஜிப்பவர் தலையில் வந்து ஏறியிருக்கின்றன. புகைப்படம் ஒரு பக்திக் கலையாக முற்றுப்பெறுவது கருவியின் மூடி மூடப்பட்ட நொடியில் அன்று, இப்படிப்பட்ட இரவுகளில்தான்.

அன்னை சாரதாமணியாருடைய படமும் இதே கிரமத்தில் வந்தது. முக்காடு நீக்கி அந்நிய ஆடவர் முன் தோன்றி அறியாத அவர், 1898-இல், விவேகானந்தரின் மேனாட்டுச் சீடை ஸாரா புல் அம்மையாருடைய வேண்டுகோளுக்கு இணங்கி, பாக்பஜாரில் ஓர் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் முன் அமர்ந்தார். மற்றொரு சீடையான நிவேதிதை உடன் இருந்து கூந்தலையும் சேலையையும் சீர்செய்தார். நாணத்தால் பார்வை தாழ்ந்த நிலையில் ஒன்றும், நேரே நோக்கிய நிலையில் ஒன்றும் எடுக்கப்பட, இரண்டாவதே இன்று பூஜையில் இருக்கிறது. பிற்காலத்தில் கோயால்பாரா ஆசிரமத்தில் பரமஹம்ஸர் படத்தையும் தம் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரே பூஜித்தார்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு சாட்சியையும் கேட்க வேண்டும்; அவர் நம்மவர். வள்ளலார் என்று வழங்கும் வடலூர் இராமலிங்க அடிகளைப் படம் எடுப்பதற்காகச் சென்னையிலிருந்து ஒருவரை வரவழைத்து எட்டு முறை முயன்றும், வெண்ணிற ஆடை மாத்திரமே தகட்டில் விழுந்தது, திருவுருவம் விழவில்லை என்பது அன்பர்களிடையே வழங்கும் செய்தி. பண்ருட்டிக் குயவர் ஒருவர் மண்ணால் வடித்துக் கொண்டுவந்த உருவத்தையும் அடிகள் ஏற்காமல் கீழே போட்டு உடைத்துவிட்டார் என்பர். அருட்பெருஞ்ஜோதியை ஜோதியாகவே வழிபடச் சொன்னவருக்கு, ஒளியால் எழுதப்படும் படமும் ஒரு தடையாகத் தோன்றியிருக்கக்கூடும். இன்று நம் வீடுகளில் இருக்கும் வள்ளலார் படங்கள் அனைத்தும் ஓவியர் எழுதியவை. 1874-இல் அவர் இறுதியாகப் புகுந்த சித்திவளாகத்தின் கதவு மூடிக்கொண்டபோது, சாயல் என்ற ஒன்றை அவர் விட்டுச் செல்லவில்லை. ஒரே காலத்தில் வாழ்ந்த இரண்டு மகான்கள் ஒரே கருவியை இவ்வளவு மாறுபாடாக நடத்தியிருப்பதனால், படம் இன்றியமையாதது என்றும், படம் கூடாது என்றும் விதி வகுக்க முற்படுவோர் இருவருமே சற்றுப் பொறுத்துப் பேசுவது நலம்.

திருவண்ணாமலையில் விஷயம் வேறு வகையாக அமைந்தது. பகவான் ரமணருக்குப் படத்தின் மேல் ஆசையும் இல்லை, அருவருப்பும் இல்லை. வந்தவர் கேட்டால் இருந்தபடியே இருப்பார். 1900-ஐ ஒட்டி அவருடைய இருபதாம் வயதின் சமீபத்தில் எடுத்த படம் முதல், 1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் எடுத்த கடைசிப் படங்கள் வரை, ஐம்பது ஆண்டுகளின் சாட்சியங்கள் அங்கே குவிந்திருக்கின்றன. சென்னை மருத்துவர் டி. என். கிருஷ்ணஸ்வாமி, தொழில் ஒருபுறமிருக்க ஆசிரமத்துக்கு அடிக்கடி சென்று ஏராளமான படங்களை எடுத்தார். நடையிலும் இருக்கையிலும் மலைப்பாதையிலும் மஹரிஷியை நாம் இன்று காண்பது பெரும்பாலும் அவர் கண்ணால்தான். வெல்லிங் என்பவர் 1946-ஐ ஒட்டி எடுத்த மார்பளவுப் படம் ரமணர் படங்கள் எல்லாவற்றுள்ளும் தலைமையானது. இவர்களிடத்தில் படம் எடுப்பதே ஓர் உபாஸனையாக மாறிவிட்டது. பராநகரிலும் சென்னையிலும் பூஜிப்பவர் தலையில் ஏறிய நியமத்தில் ஒரு பங்கை எடுப்பவரும் இங்கே ஏற்றுக்கொண்டார் என்று சொல்லலாம். வெல்லிங்கின் படத்தில் ஒளி, நெற்றியிலும் கன்னத்தின் வெண்ணிற ரோமத்திலும் மெல்லப் படர்ந்து, கண்களில் வந்து நின்றுவிடுகிறது. பார்க்கிற நம்மை அது பார்க்கிறது என்று பலர் சொல்வது மிகையன்று; தரிசனம் என்பது இருபுறமும் நிகழ்வது என்பதை நாம் கோயிலில் அறிந்தே இருக்கிறோம்.

இந்த இடத்தில் நம் காலத்து அச்சுக்கூடத்தாரைப் பற்றி ஒரு மனக்குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை. கறுப்பும் வெளுப்புமாக நமக்குக் கிடைத்த இந்தப் படங்களுக்குக் கன்னத்தில் ரோஜா நிறம் ஏற்றி, தலைக்குப் பின்னால் மஞ்சள் வட்டம் சுழற்றி, மூப்பின் சுருக்கங்களைத் துடைத்து, சினிமா நட்சத்திரத்தின் பளபளப்போடு காலண்டரில் அடித்துவிடுகிறார்கள். ஓவியனுக்கு அந்த உரிமை உண்டு. அவன் தியானத்தில் கண்டதை எழுதுகிறான். புகைப்படத்தின் பிரமாணமோ, அன்று அந்த மேனியில் பட்ட ஒளி என்ற ஒன்றில்தான் இருக்கிறது. அதைத் திருத்துகிறவன் சம்பந்தத்தை அறுத்துவிட்டுச் சாயலை மாத்திரம் வைத்துக்கொள்கிறான்; அந்தச் சாயலும் நாளடைவில் அவனுடையதாகிவிடுகிறது.

பேலூர் மடத்துப் பெருங்கோயிலில் 1938 ஜனவரி 14-ஆம் தேதி பிரதிஷ்டையான பரமஹம்ஸரின் சலவைக்கல் திருமேனியைக் கோபேசுவர பாலர் என்ற சிற்பி வடித்தார். அவருக்குத் தியான சுலோகமாக அமைந்தது அவினாசர் கை தவறவிட்ட அந்தத் தகட்டின் படமே. ஸ்தபதியைத் தள்ளிவிட்டு உள்ளே வந்த கருவி, அரை நூற்றாண்டு கழித்து ஸ்தபதிக்கே அளவு எடுத்துக் கொடுக்கும் நிலைக்கு உயர்ந்துவிட்டது. கோத்த விரல்களையும் பாதி மூடிய கண்களையும் இதழின் நகையையும் சிற்பி அந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் சித்திரம் என்ற பெயருக்கு உரியதாக அத்திருமேனி நாற்புறமும் நிறைய வேண்டுமானால் முதுகும் வேண்டுமே. தக்ஷிணேசுவரத்துத் தாழ்வாரத்தில் கருவி நின்றது எதிர்ப்பக்கத்தில். தகடு காணாத அந்தப் பகுதிக்குக் கோபேசுவர பாலர் பழைய ஸ்தபதிகள் போன வழியிலேதான் போயிருக்க வேண்டும்.